விரல்களே தறி

சடை பின்னத் தெரியுமா உங்களுக்கு?

"இது ஒரு கேள்வியா? தினமும் காலையில் என் பெண்ணுக்கு நான்தானே பின்னி விடுகிறேன்" என்பீர்கள்.

அப்படியானால் பட்டை பின்னவும் உங்களுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை இன்று பார்ப்போம். இதற்குத் தறி வேண்டாம். ஊசி வேண்டாம். நூலும் பத்து விரலும் போதும்.

அதற்கு முன்னால் ஒரு பழைய பட்டையின் கதையைச் சொல்கிறேன்.

பாலைவனத்துப் பட்டை

நம் நாட்டின் மேற்கே தார் பாலைவனம் இருக்கிறது. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பார்மேர், பிகானேர் மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. மணலில் நம் கால் புதையும். வண்டிச் சக்கரமும் புதையும். ஒட்டகம் மட்டும் புதையாமல் நடக்கும். அதன் பாதம் அகலமானது, மெத்தை போன்றது.

ஒட்டகத்தின் முதுகில் சேணம் வைப்பார்கள். அதன் மேல் ஆள் ஏறுவார். மூட்டையும் ஏற்றுவார்கள். சேணம் நழுவக் கூடாது அல்லவா? அதனால் ஒட்டகத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தப் பட்டைக்கு அங்கே 'தங்' என்று பெயர்.

பட்டை அறுந்தால் என்ன ஆகும்? சேணம் சரியும். ஆள் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். ஒட்டகத்தின் முதுகு ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் எலும்பு முறியும். ஆகவே அந்தப் பட்டை அழகுக்காக மட்டும் செய்ததல்ல. உயிரைக் காக்கச் செய்தது.

இந்தப் பட்டைகளை ஆண்கள் செய்தார்கள். வெள்ளாட்டு மயிரை நூலாக நூற்றார்கள். பருத்தி நூலையும் பயன்படுத்தினார்கள். நான்கு நூல்களைச் சேர்த்து முறுக்கினால் நான்கு புரிக் கயிறு. ஒரு கயிற்றின் புரிகளை இரண்டிரண்டாக விலக்குவார்கள். அந்த இடைவெளியில் அடுத்த கயிற்றை நுழைத்து இழுப்பார்கள். கயிறே கயிற்றைக் கவ்விக்கொள்ளும். எளிதில் பிரியாது.

கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். சில பட்டைகளில் விலங்குகளும் பறவைகளும்கூட இருக்கும். ஒரு கயிறு தவறினால் உருவம் கெட்டுவிடும். எத்தனை கவனம் வேண்டும் பாருங்கள்!

நாம் பின்னும் பட்டை

அந்தப் பட்டைக்கு முதலில் கயிறு திரிக்க வேண்டும். நாம் அதைவிட எளிய முறையில் தொடங்குவோம். இழையை இழைக்கு மேலும் கீழும் விட்டு, விரலாலேயே பின்னும் முறை இது.

கடையில் உல்லன் நூல் இரண்டு நிறத்தில் வாங்குங்கள். சிவப்பு, வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். முதலில் சிறு துண்டு ஒன்று பின்னிப் பழகுவோம்.

1. சிவப்பில் 4 இழை, வெள்ளையில் 4 இழை வெட்டுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு முழ நீளம் இருக்கட்டும்.

2. எட்டையும் சேர்த்துத் தலையில் ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். சிவப்பு நான்கும் இடப்பக்கம், வெள்ளை நான்கும் வலப்பக்கம் தொங்கட்டும்.

3. இடது ஓரத்து இழையை எடுங்கள். அடுத்த இழைக்கு மேலே விடுங்கள். அதற்கு அடுத்ததற்குக் கீழே விடுங்கள். மேல், கீழ், மேல், கீழ், மேல், கீழ், மேல். இப்படி ஏழு இழைகளையும் தாண்டி வலது ஓரத்துக்குக் கொண்டு போங்கள். அங்கே தொங்க விடுங்கள்.

4. இப்போது இடது ஓரத்தில் வேறு இழை இருக்கும். அதை எடுங்கள். மறுபடியும் 'மேல்' என்றே தொடங்குங்கள். வலது ஓரம் வரை போங்கள்.

5. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் விரலால் மேல்நோக்கி மெல்லத் தள்ளிச் சரி செய்யுங்கள்.

இவ்வளவுதான்! பின்னப் பின்ன நிறங்கள் சாய்வாக இறங்கும். சிவப்பும் சிவப்பும் சேரும் இடம் முழுச் சிவப்பாக இருக்கும். சிவப்பும் வெள்ளையும் சேரும் இடம் சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும்.

எங்கே தவறு வரும்?

நான் முதலில் பின்னிய பட்டை வரவரக் குறுகிக்கொண்டே போனது. ஓரம் சுருண்டது. எங்கள் மையத்துக்குப் படிக்க வரும் அக்கா ஒருவர் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், பிள்ளை தலையை இப்படி இழுத்தால் அழாதா?" என்றார்.

உண்மைதான். நான் மிகவும் இறுக்கி இழுத்திருந்தேன். சடைக்கு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு போதும். எல்லா வரிசைக்கும் ஒரே இறுக்கம் வேண்டும்.

கீழே தொங்கும் இழைகளும் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு வரிசைக்கும் விரலால் கோதி விடுங்கள். அப்படியே எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்கிறதா? 'மேல்' இரண்டு தடவை வந்துவிட்டால் அந்த இடத்தில் ஓட்டை தெரியும். அதுவரை பிரித்துவிட்டு மறுபடி பின்னுங்கள். பிரிக்க வெட்கப்பட வேண்டாம்.

கை பழகிய பிறகு இடுப்புப் பட்டை பின்னலாம். 16 இழை எடுங்கள். ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் வரும். இழையின் நீளம் இடுப்புச் சுற்றளவைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். பின்னும்போது நீளம் குறையும். கட்டுவதற்கும் குஞ்சத்துக்கும் நூல் வேண்டும். தோள்பை மாட்டவும் இந்தப் பட்டை உதவும்.

கையில் இருக்கும் கணக்கு

அந்த அக்கா பாதி வரிசையில் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார். திரும்பி வந்ததும் மறந்துவிட்டது. அடுத்தது மேலா, கீழா? மறுநாள் தன் நோட்டில் 'மே கீ மே கீ மே கீ மே' என்று எழுதி எதிரே வைத்துக்கொண்டார். எந்த எழுத்து வரை வந்தாரோ அதன் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். அதற்குப் பிறகு தவறவில்லை.

இதைப் பார்த்தபோது எனக்குப் பாலைவனத்துப் பட்டைதான் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே சாலைகள் வந்துவிட்டன. லாரியும் டிராக்டரும் சுமை இழுக்கின்றன. மேய்ச்சல் நிலமும் குறைந்துவிட்டது. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-இல் அது சுமார் இரண்டரை லட்சமாகக் குறைந்தது. ராஜஸ்தான் அரசு 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது.

ஒட்டகம் குறைந்தால் பட்டைக்கு வேலை இல்லை. பட்டை பின்னும் கையும் குறையும். இங்கிலாந்து நெசவாளர் பீட்டர் காலிங்வுட் இந்தக் கயிற்றுப் பின்னலை விளக்கி 1998-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எங்கோ இருப்பவர்களும் அதைப் படித்துப் பழகலாம். ஆனால் எழுதாமல் விட்ட கணக்கு, தெரிந்தவரோடு போய்விடும்.

உங்கள் கைக்கும் ஒரு வேலை தெரிந்திருக்கும். பாய் முடைவது, கூடை பின்னுவது, கயிறு திரிப்பது என்று ஏதாவது ஒன்று. அதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். எத்தனை இழை, எது மேல், எது கீழ் என்று ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.