சமையலறையும் தாராவியும்: கலை இயக்கத்துக்கான தேசிய விருது

ஒரு படத்தின் கதை நடக்கும் இடத்தை உருவாக்கும் கலைஞருக்கு இந்திய அரசு ஆண்டுதோறும் வழங்குவது கலை இயக்கத்துக்கான தேசிய விருது. பட்டியலில் இன்று அதன் பெயர் ‘தயாரிப்பு வடிவமைப்பு’. படப்பிடிப்புத் தளத்தில் பலருக்கும் அவர் இன்னும் ஆர்ட் டைரக்டர்தான். செட் போடுவதோடு அவர் வேலை முடிவதில்லை. சுவரில் காரை பெயர்ந்திருக்க வேண்டுமா, அலமாரியில் எந்த டப்பா இருக்க வேண்டும் என்பதுவரை அவர் பொறுப்பு.

தேசிய விருதுகள் 1954-இல் தொடங்கியபோது படங்களுக்கு மட்டுமே பரிசு. தொழில்நுட்பக் கலைஞர்களின் முறை பிறகுதான் வந்தது. கலை இயக்கத்துக்குக் கிடைப்பது வெள்ளித் தாமரைப் பதக்கம். உடன் தரப்படும் தொகை 70-ஆவது விருதுகளிலிருந்து 2 லட்சம் ரூபாய். படம் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டே கணக்கு. 2013-இல் திரைக்கு வந்த ‘விஸ்வரூபம்’ 2012-க்கான விருதை வென்றது அதனால்தான். ஆப்கானிஸ்தானைத் திரையில் எழுப்பிய லால்குடி இளையராஜாவும் தாய்லாந்துக் கலைஞர் பூன்தவி தவீபாசாஸும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வென்ற படங்களில் பழைய காலத்தைக் காட்டுபவை அதிகம். ‘உம்ராவ் ஜான்’ (மன்சூர்), ‘ஒரு வடக்கன் வீரகதா’ (பி. கிருஷ்ணமூர்த்தி), ‘காலாபானி’ (சாபு சிரில்), ‘லகான்’ (நிதின் தேசாய்) எல்லாம் அந்த வரிசை. அரண்மனையும் அந்தமான் சிறையும் சட்டென்று கண்ணில் படும். சாதாரண வீட்டை அமைப்பதும் அதே அளவு கடினம். ஆனால் அந்த உழைப்பு எளிதில் கவனம் பெறுவதில்லை.

மிருணாள் சென்னின் ‘காரிஜ்’ (1982) அப்படிப்பட்ட படம். கல்கத்தாவின் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் வேலை செய்யும் சிறுவன், குளிர் தாங்காமல் ஓர் இரவு சமையலறைக்குள் படுக்கிறான். கரியடுப்பின் நச்சுப்புகை வெளியேற வழியில்லை. காலையில் பிணமாகக் கிடக்கிறான். யார் குற்றவாளி என்ற கேள்விக்கு அந்தச் சின்ன அறையே சாட்சி. அதற்காக நிதிஷ் ராயைத் தேர்ந்தெடுத்த நடுவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ‘நாயகன்’ (1987). அதில் பார்த்த தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட செட். தகரக் கூரை, ஈரம் படிந்த சந்து, ஒன்றையொன்று நெருக்கும் குடிசைகள் என எதிலும் புது மரத்தின் வாசனை இல்லை. பல மழைக்காலம் பார்த்த இடமாகவே தெரிந்தது. மும்பையில் எடுத்ததாகவே நம்பியவர்கள் ஏராளம். தரணி ஓவியரும்கூட, நிறம் எங்கே மங்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். ‘இந்தியன்’ படத்துக்காக 1996-ஆம் ஆண்டின் விருதும் அவருக்கே.

கணினி வரைகலை வந்தபின் செட்டின் எல்லையைப் பிரித்துச் சொல்வது சிக்கலாகிவிட்டது. ‘எந்திரன்’ 2010-க்கான கலை இயக்க விருதையும் சிறப்புக் காட்சி விருதையும் சேர்த்தே வாங்கியது. அது சாபு சிரிலின் நான்காவது தேசிய விருது. 2016-க்கான விருதைக் காலப் பயணக் கதையான ‘24’ பெற்றது. 71-ஆவது விருதில் வென்றது கேரள வெள்ளத்தைச் சொன்ன ‘2018’. அதன் கலை இயக்குநர் மோகன்தாஸ், வீடுகள் தண்ணீரில் மூழ்குவதைக் காட்டப் பெரிய தொட்டிக்குள் செட் போட்டார்.