ஈயக் குண்டும் தங்க மணியும்

ஆப்பிளைப் பூமி இழுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு ஆப்பிள் பக்கத்து ஆப்பிளை இழுப்பது தெரிவதில்லை. எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்று 1687-இல் எழுதிய நியூட்டனே, சாதாரணப் பொருள்களுக்கு இடையில் அந்த இழுப்பு உணர முடியாத அளவு சிறியது என்றுதான் கருதினார்.

நூறாண்டு கழித்து, 1797-98-இல், லண்டனை ஒட்டிய கிளாப்ஹாமில் ஹென்றி கேவெண்டிஷ் அதை அளந்தார். கருவியை வடிவமைத்த ஜான் மிச்செல் என்ற பாதிரியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மெல்லிய கம்பியில் ஆறடி மரச்சட்டம் கிடையாகத் தொங்கும். இரு நுனியிலும் இரண்டு அங்குல ஈயக் குண்டுகள். அவற்றின் அருகே, ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ எடையுள்ள பெரிய குண்டுகளைக் கொண்டுவந்தால் சட்டம் இம்மி திரும்பும், கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கிலிருந்து விசை கிடைத்துவிடும். ஒரு சிறிய குண்டின் மீதான இழுப்பு ஒரு மில்லிகிராம் எடையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை! அறையில் ஒரு பக்கம் சற்றே சூடானாலும் எழும் காற்றோட்டம் அதை மூழ்கடித்துவிடும். அதனால் அறையைப் பூட்டிவிட்டு, பெரிய குண்டுகளை வெளியிலிருந்தே கப்பியால் நகர்த்தி, சுவர்த் துளையில் பொருத்திய தொலைநோக்கி வழியே பார்த்தார். அந்த இழுப்பைப் பூமியின் இழுப்போடு ஒப்பிட்டு, பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்று அறிவித்தார். இன்றைய கணக்கு 5.51. மரமும் ஈயமும் பொறுமையும் கொண்டு இவ்வளவு நெருங்கியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

2021-இல் வியன்னா ஆய்வாளர்கள் கம்பி முறுக்கால் விசையை அளக்கும் இதே வகை முறுக்குத் தராசில் இரண்டு மில்லிமீட்டர் தங்க மணிகளைப் பொருத்தினார்கள். ஒரு மணியின் எடை சுமார் 90 மில்லிகிராம். காற்றோட்டத் தொல்லையை வெற்றிடம் தீர்த்துவைத்தது. நகரத்தின் அதிர்வு மட்டும் மிஞ்சியது. போக்குவரத்து அடங்கிய கிறிஸ்துமஸ் கால இரவுகளில் அளந்தார்கள். அவ்வளவு சிறிய பொருளின் இழுப்பும் பிடிபட்டது.

ஆனால் விசையின் அளவைத் தீர்மானிக்கும் ஈர்ப்பு மாறிலி மட்டும் இன்னும் முரண்டுபிடிக்கிறது. எலக்ட்ரானின் காந்தத் திறனைப் பன்னிரண்டு இலக்கம் வரை அறிவோம். மாறிலியோ நான்கைந்து இலக்கத்திலேயே நிற்கிறது. மின்விசையை உலோகக் கூண்டால் மறிக்கலாம். ஈர்ப்பை மறிக்க எதுவும் கிடையாது. சோதனைச்சாலைச் சுவர், மேசை, பக்கத்தில் நிற்கும் ஆள், எல்லாமே தராசை இழுக்கின்றன. 2018-இல் சீனாவின் வூஹானில் ஒரே குழு இரண்டு முறைகளில் அளந்தது. அலகையும் பத்தின் அடுக்கையும் விட்டுவிட்டுச் சொன்னால், மாறிலியை ஒன்று 6.674184 என்றது, மற்றது 6.674484 என்றது. இரண்டு அளவீட்டின் பிழை வரம்பையும் கூட்டினாலும் அந்த இடைவெளி அடைபடவில்லை.