தவறாகக் கற்ற பாடம்

செங்கல்பட்டு மாவட்டத்து அணுபுரத்திலிருந்து மாமல்லபுரம் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி வரும். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் இருளர்கள் எடுத்துத் தரும் நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் உடல் அதை எதிர்க்க உண்டாக்கும் புரதங்களைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து. பாம்பின் நஞ்சை முறிக்க அதை விட்டால் வேறு மருந்து கிடையாது. ஆனால் குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியம். மருந்து ஏறிய சில நிமிடங்களிலேயே சிலருக்கு உடலெங்கும் தடிப்பு எழும், மூச்சு இழுக்கும், ரத்த அழுத்தம் சரியும். காக்க வந்த மருந்தையே பகையாக எண்ணி உடல் போர் தொடுக்கும் இந்த நிலைக்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர். தமிழில் கடும் ஒவ்வாமை என்கிறோம். இறால், வேர்க்கடலை, குளவிக்கொட்டு, பென்சிலின் என்று தூண்டுவது எதுவானாலும் உயிருக்கு வரும் ஆபத்து ஒன்றுதான்.

இதை அறிவியல் அடையாளம் கண்ட கதை கடலில் தொடங்குகிறது. 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற பிரெஞ்சு அறிஞர்கள் சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும், சொறிமீனை ஒத்த ஓர் உயிரியின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பிய பின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார்கள். கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் தாங்கும் சக்தி வரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. முதல் தடவை பிழைத்துக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததுமே நிமிடங்களில் இறந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே நடப்பது இதுதான்: முதல் சந்திப்பில் ஒரு புரதத்தைப் பகையென்று பதிந்துகொள்ளும் உடல், ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதத்தை உண்டாக்கி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் அதைக் காவலுக்கு நிறுத்துகிறது. அதே புரதம் மறுபடி வந்தால் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. விஷமுறிவு மருந்து முதல் தடவையிலேயே இந்த நிலையை உண்டாக்கக் காரணம், ஐஜிஇ இல்லாமலும் இந்தச் செல்கள் தூண்டப்படலாம் என்பதே. வாசல் வேறானாலும் உள்ளே புகும் வெள்ளம் ஒன்றுதான்.

இது உண்மையிலேயே பெருகுகிறதா, அல்லது எண்ணுவதுதான் கூடியிருக்கிறதா? நியாயமான கேள்வி. பிரிட்டனில் உணவால் வந்த கடும் ஒவ்வாமைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1998இல் லட்சத்துக்கு 1.23 பேர், 2018இல் 4.04 பேர். அதே காலத்தில், சேர்க்கப்பட்டவர்களில் இறந்தோர் 0.70 விழுக்காட்டிலிருந்து 0.19 ஆகக் குறைந்தனர். மருத்துவர்கள் இதை விரைவாக அடையாளம் கண்டு, லேசானவற்றையும் சேர்க்கத் தொடங்கியது இந்த உயர்வில் ஒரு பங்கு வகிக்கலாம். ஆனால் முழு உயர்வையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளியில் சேரும் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரே படிவத்தில் தகவல் கேட்டார்கள். ஆசியாவில் பிறந்து பின்னர் அங்கே குடியேறிய குழந்தைகளிடம் கடலை, கொட்டை ஒவ்வாமை குறைவாக இருந்தது. ஆசியத் தாய்க்கு அந்த மண்ணிலேயே பிறந்த குழந்தைகளிடமோ அது அதிகம். வம்சம் ஒன்று, கேட்ட கேள்வி ஒன்று, பள்ளியும் ஒன்று. மாறியது குழந்தை முதலில் கண்ட உலகம் மட்டுமே. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. ஆகவே காரணத்தைச் சூழலில்தான் தேட வேண்டும்.

சூழல் நம் எதிர்ப்பாற்றலுக்குப் பாடம் நடத்துகிறது என்பதற்குச் செங்கல்பட்டே ஒரு பழைய சாட்சி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். உலகிலேயே பெரிய சோதனைகளில் ஒன்று அது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் முன்வைத்த முக்கிய விளக்கம்: இந்த மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவினங்களான பாக்டீரியாக்களை மக்கள் சிறுவயதிலேயே சந்தித்து, ஊசி சொல்லித்தர வேண்டியதை வேறு விதமாகக் கற்றிருந்தார்கள். அந்தச் சோதனை ஒவ்வாமையைப் பற்றியதல்ல. ஆனாலும் மண்ணும் உடலும் பேசிக்கொள்கின்றன என்பதை அது உணர்த்தியது. பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ராக்கன் 1989இல், உடன்பிறந்தோர் அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவு என்று காட்டினார். மனித இனத்தோடு நெடுங்காலம் வாழ்ந்த மண் கிருமிகளும் குடல் உயிரிகளும்தான் எதை எதிர்ப்பது, எதைப் பொறுப்பது என்று எதிர்ப்பாற்றலுக்குக் கற்றுத்தந்தன என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. மாடும் மண்ணும் விலகிய வீடு, தேவையற்ற ஆன்டிபயாட்டிக், அறுவைப் பிரசவம் எல்லாம் அந்த ஆசிரியர்களைக் குறைக்கின்றன.

அப்படியானால் அழுக்கில் வளர்ப்பது நல்லதா என்று கேட்கலாம். இல்லை. வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் எத்தனையோ குழந்தைகளைப் பறித்த நாடு இது. சோப்பும் கழிப்பறையும் தடுப்பூசியும் அந்த உயிர்களை மீட்டவை. இழந்த பாடத்தை நோயில்லாமல் திருப்பித் தருவது எப்படி என்பதே கேள்வி. அதற்கு உறுதியான விடை கிடைத்திருப்பது உணவில். யூதக் குழந்தைகளை ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில், கடலையைத் தள்ளிப்போட்ட பிரிட்டனில் 1.85 விழுக்காட்டினருக்கும், சிறுவயதிலேயே கடலைத் தின்பண்டம் கொடுக்கும் இஸ்ரேலில் 0.17 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. அதை உறுதிசெய்ய, கடும் தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 2015இல் முடிவு வந்தது: கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், தின்றவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும் ஐந்து வயதில் ஒவ்வாமை. உணவின் புரதம் வெடித்த தோல் வழியே முதலில் நுழைந்தால் உடல் அதைப் பகை என்று கற்கிறது; வாய் வழியே முதலில் வந்தால் உணவு என்று கற்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். ஆறு மாதத்தில் சோறூட்டும் நம் வழக்கத்தோடு, குழைத்த கடலையும் முட்டையும் சேர்வது நல்லது. கடும் தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

நம் நாட்டில் எண்ணிக்கை சிறியதுதானே என்ற எதிர்வாதமும் உண்டு. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ ரத்தத்தில் இருந்தது. உண்மையான ஒவ்வாமை இருக்கக்கூடியவர்களோ 1.2 விழுக்காட்டினர்தான். ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து உணவுகளை விலக்குவது எவ்வளவு தவறு என்பதை இது சொல்கிறது. கூடவே இன்னொன்றையும் சொல்கிறது: பகையென்று எழுதிய குறிப்பு பலர் உடலில் தயாராக இருக்கிறது, அதைச் செயலாக்காமல் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி அவர்களைக் காத்துவரலாம். வயல்கள் மனையாகி, குழந்தைகள் அடுக்குமாடிக்குள் வளரும் இந்தக் கடற்கரையில் அந்தப் பயிற்சி அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே காரணத்தை ஆராய்வதோடு, வந்துவிட்டால் காப்பதற்கும் ஆயத்தம் வேண்டும். அப்போது உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். தளர்ந்த ரத்தக்குழாயை இறுக்கி, சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறந்து, மாஸ்ட் செல்களையும் அடக்கும் மலிவான ஊசி அது. பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமில்லாமல். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. அலர்ஜி மாத்திரை அரிப்பைத் தணிக்கும், உயிரைக் காக்காது. இதற்கு நம் பகுதிக்கு நெருக்கமான சான்று இலங்கையில் இருக்கிறது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்ட 1,007 பேரில் 752 பேருக்கு எதிர்விளைவு வந்தது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தது, கடுமையான விளைவுகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைத்தது; அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் குறைக்கவில்லை. 2011இல் வெளியான இந்த முடிவை நம் ஊர் மருத்துவமனைகள் மட்டுமல்ல, பள்ளிகளும் விடுதிகளும் நெஞ்சில் வைக்க வேண்டும். வடநெம்மேலியில் எடுக்கும் நஞ்சு, முறையாகக் கற்றுக்கொண்ட குதிரையின் உடலில் மருந்தாக மாறுகிறது. நம் உடலும் கற்கக்கூடியதுதான். குழந்தைக்குச் சரியான பாடத்தைச் சரியான வயதில் ஊட்டுவதும், பாடம் தவறிய உடலுக்கு உரிய நிமிடத்தில் ஊசி போடுவதும் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.