இராணுவ ஜீப்பின் விளக்கு விசைகள்

இரவில் செல்லும் படைவண்டி பகைவர் கண்ணில் படலாகாது. ஆயின் பின்னால் வரும் தம்மவர் கண்ணுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் பொருட்டு எழுந்ததே இராணுவ ஜீப்பின் விளக்கமைப்பு. படையிலிருந்து கழிக்கப்பட்ட இத்தகைய வண்டிகளை ஆர்வலர் பலர் வாங்கிச் செப்பனிட்டு இன்றும் ஓட்டுகின்றனர். சாதாரண மோட்டார் வண்டியில் பழகிய கைக்கு இதன் விசைகள் புதிராகவே தோன்றும். புதிரை அவிழ்க்காமல் சாலையில் இறங்குவது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

முதலில், 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேல் செய்தளித்த ஜீப்பை நோக்குவோம். அதன் விளக்கு விசை வெளியே இழுக்கும் குமிழ் வடிவினது. குமிழ் முழுதும் உள்ளே இருப்பின் எல்லா விளக்குகளும் அணைந்திருக்கும். முதற்படிக்கு இழுத்தால் இருட்டடிப்பு விளக்குகள் மட்டும் எரியும். அதற்கு மேல் குமிழ் வாராது. பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் இரண்டாம் படியாகிய வழக்கமான முகப்பு விளக்குகள் ஒளிரும். மூன்றாம் படி பகற்பொழுதுக்குரியது. அப்போது பிரேக் விளக்கு மட்டும் வேலை செய்யும்.

அப்பொத்தான் எதற்கு? இருளில் தடவும் கை தவறி இழுத்துவிட்டால் முகப்பு விளக்குப் பளிச்சிடும். வானில் பறக்கும் பகை விமானத்துக்கு அவ்வொளி ஒன்றே போதும். ஆதலின் ஒளிக்குச் செல்லும் வழிக்குப் பூட்டு இடப்பட்டது.

பின்னாளில், 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படையில் பெருவழக்காயிருந்த எம்-151 போன்ற வண்டிகளில் குமிழுக்குப் பதில் மூன்று நெம்புகோல்கள் கொண்ட விசை அமைந்தது. ஒன்று முதன்மை நெம்புகோல். மற்றொன்று பூட்டு நெம்புகோல். மூன்றாவது துணை நெம்புகோல். முதன்மை நெம்புகோலுக்கு ஐந்து நிலைகள் உண்டு. நடுவில் ‘ஆஃப்’. அதன் ஒரு புறம் ‘ஸ்டாப் லைட்’, அதற்கப்பால் ‘செர். டிரைவ்’. மறுபுறம் ‘பி.ஓ. மார்க்கர்’, அதற்கப்பால் ‘பி.ஓ. டிரைவ்’. ‘செர்.’ என்பது வழக்கமான விளக்கைக் குறிக்கும், ‘பி.ஓ.’ என்பது இருட்டடிப்பைக் குறிக்கும். வழக்கமான விளக்குகளைப் போட வேண்டின் ஒரு கையால் பூட்டு நெம்புகோலை விடுவித்துக்கொண்டே மறு கையால் முதன்மை நெம்புகோலைத் திருப்புதல் வேண்டும். துணை நெம்புகோல் அளவுமானிகளின் விளக்கை மங்கலாகவும் பிரகாசமாகவும் ஆக்கும். நிறுத்தி வைத்த வண்டிக்குரிய விளக்கையும் அதுவே ஏற்றும்.

இருட்டடிப்புப் பின்விளக்கின் நுட்பம் வியக்கத்தக்கது. அதிலுள்ள சிறு ஒளித்துளைகள் இணையிணையாக அமைந்தவை. பின்னால் வருவோன் 60 அடிக்குள் நெருங்கினால் நான்கு புள்ளிகள் தெரியும், 60 முதல் 180 அடி வரை இரண்டாகத் தெரியும், அதற்கப்பால் ஒன்றாகிவிடும். இரண்டு புள்ளிகள் தெரியும்வரை இடைவெளி சரி என்று அவன் அறிவான். எந்தக் கருவியுமின்றிக் கண்ணே அளவுகோலாகிறது. நல்ல ஒளியிலும் மனிதக் கண், பாகையில் அறுபதில் ஒரு பங்கிற்குக் குறைந்த கோணத்திலுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறிய இயலாது என்பதே இதன் அடிப்படை. வகுப்பறையிலும் இதைக் காட்டலாம்: கரும்பலகையில் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு நுண்புள்ளிகள் இட்டு, மாணவரைப் பின்னோக்கி நடக்கச் செய்க. ஏறத்தாழப் பத்து மீட்டரில் அவை ஒன்றாய்க் கலந்துவிடும்.

பிரிட்டிஷ் படையினர் வேறு வழி கண்டனர். மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் அவர்கள் ஓட்டிய லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளில், பின் அச்சின் நடுவேயுள்ள பற்சக்கரக் கூட்டுக்கு வெள்ளை வர்ணம் பூசி, வண்டியின் அடியில் ஒரு சிறு விளக்கை மறைத்து வைத்தனர். வானிலிருந்து நோக்குவோர்க்கு அது புலப்படாது. பின்வரும் ஓட்டுநர்க்கோ ஒரு வெண்ணிற வட்டம் வழிகாட்டும்.

இனி, இவற்றை இன்று ஓட்டுவோர் மறவாது கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்த அளவிலேயே பின்னால் சிவப்பு விளக்கு எரியும். இராணுவ ஜீப்பில் நெம்புகோல் ‘ஆஃப்’ நிலையில் இருப்பின் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் அது எரியாது. ‘பி.ஓ.’ நிலையிலோ நுண்ணிய கீற்று மட்டுமே தோன்றும். நெடுஞ்சாலையில் விரைந்து வருவோன் அதைக் காணான். விளக்குப் பழுது என்று எண்ணிக் கம்பிகளை அவிழ்ப்பாரும் உளர். பழுது விளக்கில் இல்லை, நெம்புகோல் நிற்கும் நிலையில் உள்ளது. ஆகவே பகலில் ‘ஸ்டாப் லைட்’, இரவில் ‘செர். டிரைவ்’ என்பதே சாலைக்குரிய விதி. புறப்படுமுன் ஒருவரைப் பின்னே நிற்கச் செய்து, பிரேக்கை மிதித்துச் சோதித்தல் இன்றியமையாதது. மின்குமிழ் மாற்றுவோர் மின்னழுத்தத்தையும் நோக்குக: போர்க்கால ஜீப் 6 வோல்ட், எம்-151 24 வோல்ட். கடையில் எளிதிற் கிடைக்கும் 12 வோல்ட் குமிழ் இரண்டுக்கும் பொருந்தாது.

தன்னை மறைத்துக்கொள்வது போர்க்களத்தில் உயிர் காத்தது. பொதுச் சாலையில் தன்னைக் காட்டிக்கொள்வதே உயிர் காப்பது. வண்டி ஒன்றுதான், அது நிற்கும் இடத்தை அறிந்து நெம்புகோலைத் திருப்புவது ஓட்டுவோன் கடமையாகும்.