கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்

கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் தேசிய மாணவர் படையின் பொறுப்பு அலுவலராகவும் பணியாற்றினேன். ஆண்டு முகாமில் மாணவர்கள் மிகவும் எதிர்பார்ப்பது துப்பாக்கி சுடும் நாளைத்தான். தரையில் படுத்தபடி, பாயிண்ட் 22 ரைஃபிளால், 25 கெஜத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஐந்து தோட்டாக்கள். அவை எவ்வளவு நெருக்கமாகப் பதிகின்றன என்பதே திறமைக்கு அளவுகோல்.

ஆம்பூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி அணிவகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் நிற்பவள். அவளுடைய தாய் காலணித் தொழிற்சாலையில் 'அப்பர்' தைப்பவர். சுடுதளத்தில் மட்டும் அவளுடைய ஐந்து தோட்டாக்களும் ஐந்து திசைகளில் சென்றன. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிக்காமல் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தாள். கவனம் போதாது என்று கடிந்துகொண்டேன். ராணுவத்திலிருந்து பயிற்றுநராக வந்திருந்த ஹவில்தார் ஒருவர்தான் அவளை எழுப்பி நிறுத்தி, இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோணத் துளை அமைத்து, அதன் வழியே தொலைவிலிருந்த கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். வலக்கண்ணை மூடியதும் கம்பம் துளையில் அப்படியே இருந்தது. இடக்கண்ணை மூடியதும் மறைந்துவிட்டது என்றாள். எழுதுவது வலக்கை, ஆனால், குறிபார்ப்பது இடக்கண்.

இரு கண்களும் பார்த்தாலும், குறிவைக்கும் வேளையில் மூளை ஒரு கண்ணின் காட்சிக்கே முதலிடம் தருகிறது. ஏறத்தாழ மூவரில் இருவருக்கு அது வலக்கண்; ஏனையோரில் பெரும்பாலோருக்கு இடக்கண். இடக்கைப் பழக்கமுள்ளவர்களோ பத்தில் ஒருவர் மட்டுமே. ஆகவே, கை ஒரு பக்கமும் கண் மறுபக்கமுமாக இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வலத்தோளில் துப்பாக்கியை வைத்துவிட்டு இடக்கண்ணால் குறிபார்க்க முயன்றால் கழுத்து வளையத்தான் செய்யும். இடக்கண்ணை மூடிக்கொள்ளலாமே எனலாம். அந்த ஒரு கண்ணை மட்டும் தனியே மூட இயலாதவர்கள் உண்டு. மூட முடிந்தாலும் முகத்தசை இறுகி, திறந்த கண்ணும் விரைவில் சோர்ந்துவிடும். கண்ணாடியில் சிறு மறைப்பு ஒட்டுவது ஒரு வழி. மற்றொரு வழி, தோளை மாற்றுவது.

ஹவில்தார் தோளை மாற்றினார். முதல் இரண்டு நாள்கள் தோட்டாவே தரவில்லை. வெற்றுத் துப்பாக்கியை இடத்தோளில் பொருத்தி, கன்னம் பதித்து, மூச்சை அடக்கி, இடக்கைச் சுட்டுவிரலால் விசையை அழுத்துவது மட்டுமே பயிற்சி. பழகாத விரல் விசையை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கும். துப்பாக்கியைத் தாங்கும் கையும், படுத்திருக்கும் உடலின் சாய்வும் தலைகீழாக மாறும். மூன்றாம் நாள் தோட்டா கொடுத்தார். அவள் சுட்ட ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. வயது வந்தபின் குறிபார்க்கும் கண்ணை மாற்றுவது அரிது; கையைப் பழக்குவது சில நாள் வேலை.

ஆனால், துப்பாக்கி அதற்கு ஒத்துழைப்பதில்லை. எங்கள் ரைஃபிளின் 'போல்ட்' வலப்பக்கம் இருக்கிறது. இடத்தோளில் சுடுபவர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் துப்பாக்கியைத் தாங்கும் கையை எடுத்தாக வேண்டும். தானியங்கித் துப்பாக்கிகளில் வெற்று உறை வலப்பக்கமாகத் தெறிக்கும். 1985 முதல் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்தும் எஸ்ஏ80 ரைஃபிளை இடத்தோளில் வைத்தால் சூடான உறை சுடுபவரின் முகத்திலேயே பாயும். எனவே அங்கு இடக்கையரும் வலத்தோளுக்கே பழக்கப்படுகிறார்கள். இந்த வழக்கம் பழையது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏந்திய மஸ்கட்டுகளில் தீப்பொறி பறக்கும் மருந்துக்கிண்ணம் வலப்பக்கம் இருந்தது. இடத்தோளில் வைத்தால் கண்ணெதிரே தீ. மருந்துக்கிண்ணம் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது, வலப்பக்கம் மறையவில்லை. பால் டேவிட் 1985-இல் தட்டச்சு விசைப்பலகையை எடுத்துக்காட்டி விளக்கிய 'பாதைச் சார்பு' என்பது இதுதான். காரணம் போன பின்னும், எல்லோரும் பழகிவிட்டதாலேயே ஓர் அமைப்பு நீடிக்கிறது.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை காலணிகளில் பெரும்பாலானவை இடம், வலம் என்ற வேறுபாடின்றியே செய்யப்பட்டன. அமெரிக்காவின் தாமஸ் பிளாஞ்சார்டு, துப்பாக்கியின் மரக்கட்டையைக் கடைவதற்காக 1819 வாக்கில் ஒரு கடைசல் எந்திரம் செய்தார். ஒரு மாதிரியைத் தடவிச் சென்று அதே வடிவைக் கடைந்து தரும் எந்திரம் அது. அதே முறை பின்னர் காலணிக்கான 'லாஸ்ட்' கடையவும் பயன்பட்டு, இடக்காலுக்கும் வலக்காலுக்கும் தனித்தனி அச்சு மலிவாகக் கிடைக்க உதவியது. துப்பாக்கிக்காகப் பிறந்த எந்திரம் செருப்புக்கு இடமும் வலமும் தந்தது; துப்பாக்கியோ வலத்திலேயே நின்றுவிட்டது. வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் இடக்கால் உண்டு. இடத்தோள் தேவைப்படுபவரோ சிறுபான்மையினர். சந்தையின் கணக்கு அவ்வளவே. சந்தை செய்யாத செலவைத் தனிமனிதர் தம் கழுத்தாலும் விரலாலும் ஈடுகட்டுகிறார்.

ஹங்கேரியின் கரோலி டகாக்ஸ் அப்படி ஈடுகட்டியவர்களில் புகழ்பெற்றவர். 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின் இடக்கையால் சுடப் பழகி, 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவருடையது கைத்துப்பாக்கி, நெடுந்துப்பாக்கியின் தோள் சிக்கல் அதில் இல்லை. இருந்தாலும், கை கற்றுக்கொள்ளும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டியதில்லை.

இது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. பட்டப்படிப்போடு தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரம் பெற்றவர்கள், எழுத்துத் தேர்வின்றி ராணுவ அதிகாரி பணிக்கான நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கும் தனிவழி உண்டு. ஆயுதப் பயிற்சியும் அந்தச் சான்றிதழ்த் தேர்வில் ஒரு பகுதி. தோல் தொழிற்சாலைக் கூலியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வழி எவ்வளவு பெரியது என்பதை இந்தப் பகுதியில் விளக்க வேண்டியதில்லை. முக்கோணத் துளைச் சோதனைக்கு அரை நிமிடமும் இரண்டு கைகளும் போதும். மாணவர் படை முகாமானாலும் காவலர் பயிற்சிப் பள்ளியானாலும், கையில் துப்பாக்கி தருவதற்கு முன்பே அதைச் செய்து, தேவைப்படுபவருக்கு இடத்தோளை அனுமதித்து, வெற்றுத் துப்பாக்கியோடு இரண்டு நாள் கூடுதலாகத் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே காலக்கெடு என்பது இதில் நியாயமாகாது.

அந்த ஹவில்தார் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், குறி வராது என்று நான் பதிவேட்டில் எழுதி ஒதுக்கியவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் இடக்கண்ணர் என்று இனி அறிய வழியில்லை.