மீசை மழித்து வரும் பாஞ்சாலி: தெரியுமா?

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவில், ஊரே எழுந்து நின்று கும்பிடும் பாஞ்சாலி யார் தெரியுமா? ஓர் ஆண்! தெருக்கூத்தின் மரபில் குந்தி, சுபத்திரை, பொன்னுருவி என்று எந்தப் பெண் பாத்திரமானாலும் மீசையை மழித்து, சவுரி முடித்து, ரவிக்கையும் சேலையும் கட்டி ஆடுபவர் ஆண் கலைஞரே.

இதில் எவ்வளவு பெரிய சவால் இருக்கிறது தெரியுமா? துரியோதனனுக்குக் கிரீடம் உண்டு, புஜக்கட்டை உண்டு, மார்ப்பதக்கம் உண்டு. கண்ணாடிச் சில்லு மின்னும் அந்த மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு திரையை விலக்கினாலே பாதி வேஷம் நின்றுவிடும். பெண் வேஷக்காரருக்கு அந்தத் துணை கிடையாது. நடை, பார்வை, கழுத்தின் சாய்வு, குரல் இவற்றை மட்டும் நம்பி விடிய விடிய நிற்க வேண்டும். கூத்திலேயே கடினமான வேஷம் இதுதான் என்பேன்!

துகிலுரியும் காட்சிக்கு வருவோம். சேலையைப் பற்றி இழுக்க வேண்டிய துச்சாதனன் வேஷக்காரர், பல ஊர்களில், ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறார். கற்பூரம் ஏற்றுகிறார்கள். வேஷம் கட்டியவருக்கே அருள் வந்துவிடுவதும் உண்டு! அந்த நேரத்தில் அங்கே நிற்பவர் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை, அவர் அம்மன். அதே கலைஞரைப் பகலில் நடையைச் சொல்லிக் கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. அது அநியாயம்!

கதைக்குள்ளேயும் வேஷம் மாறுகிறது, கவனித்திருக்கிறீர்களா? விராட பர்வத்தில் அர்ச்சுனன் பிருகன்னளையாகி இளவரசிக்கு நடனம் கற்றுத்தருகிறான். கீசகனைக் கொல்லப் பீமன், சைரந்திரி என்ற பெயரில் மறைந்து வாழும் பாஞ்சாலிபோல இருட்டில் காத்திருக்கிறான். அரவானுக்கு ஓரிரவு மனைவியாகக் கண்ணனே மோகினி ஆகிறான். கூவாகத்தில் ஆண்டுதோறும் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வது அந்தக் கதையின் தொடர்ச்சிதான்.

நாடக மேடைக்கு வந்தால் வியப்பு இன்னும் கூடும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் ‘ஸ்திரீ பார்ட்’ எனும் பெண் வேஷம் போட்டவர்கள் சிறுவர்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் போச்சு, வேஷம் கைமாறிவிடும்! ‘பராசக்தி’யில் 1952-இல் முழங்கிய சிவாஜி கணேசன், சிறுவனாக மேடை ஏறியபோது போட்டது சீதை வேஷம்!

தருமபுரிக்காரர்கள் மார்தட்டிக்கொள்ள ஒரு செய்தி: இந்த மண்ணின் பழைய பெயர் தகடூர், இதை ஆண்ட மன்னன் அதியமான், அவன் நெல்லிக்கனி கொடுத்தது ஔவைக்கு. அந்த ஔவையின் பெயரில் எழுந்த ‘ஔவையார்’ நாடகத்தில், 1942-இல், கூன் விழுந்த பாட்டியாக நடித்தவர் 30 வயது டி.கே.சண்முகம்! வேஷம் அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. சென்னையில் லாயிட்ஸ் சாலை இன்று அவ்வை சண்முகம் சாலை. அவரிடம் நாடகம் பயின்ற கமல்ஹாசன் 1996-இல் மடிசார் கட்டி நடித்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தது குருவுக்குச் செய்த மரியாதை.

எதிர்த்திசையிலும் நடந்தது, பெண்கள் ஆண் வேஷம் போட்டார்கள்! 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்த கே.பி.சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1941-இல் ‘சாவித்திரி’யின் நாரதர் எம்.எஸ்.சுப்புலட்சுமி.

ஆண்கள் பெண் வேஷம் போடுவது நம் ஊரில் மட்டுமல்ல. ஜப்பானில் 1629-இல் கபுகி மேடையிலிருந்து பெண்களை அரசு விலக்கியது. பெண் வேடத்துக்கென்றே ஆண் நடிகர் பரம்பரைகள் உருவாயின. லண்டனில் ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டாக முதலில் நின்றது ஒரு பையன். ஜப்பானில் அது அரசின் தடை, லண்டனில் வழக்கம். நம் கூத்திலும் பெண்ணுக்கு இடமில்லை என்பது வழக்கமாகவே இறுகிவிட்டது.

அந்த வழக்கமும் உடைந்தது, தெரியுமா? காஞ்சிபுரம் அருகே 2002-இல் தொடங்கிய, தெருக்கூத்தின் இன்னொரு பெயரைத் தாங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெருங்கட்டூர் ராஜகோபால் சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டார். புஜக்கட்டை பூட்டி, சலங்கை கட்டி, ஆண் வேஷங்களிலும் கிறுக்கி அடித்துச் சுழன்று ஆடினார்கள் அந்தப் பெண்கள்!