வரித் திட்டமும் வாக்காளர் தீர்ப்பும்

நிதிச் சிக்கனத்தைப் பொதுவாக வரவேற்கும் வாக்காளர், அதன் சுமை தம் குடும்பச் செலவில் எவ்வளவு ஏறும் எனக் கணக்கிடும்போது தயங்குவதுண்டு. ஆஸ்திரேலியாவின் 1993 ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்குத் தக்க சான்றாகும்.

எதிர்க்கட்சித் தலைவரும் முன்னாள் பொருளாதாரப் பேராசிரியருமான ஜான் ஹியூசன், 1991 நவம்பரில் விரிவான நிதித் திட்டமொன்றை வெளியிட்டார். 15 சதவீதச் சரக்கு-சேவை வரி, வருமான வரிக் குறைப்பு, அரசுச் செலவினக் குறைப்பு ஆகியவை அதன் முக்கியக் கூறுகள். வேலையின்மை 11 சதவீதத்தை ஒட்டியிருந்ததால் ஆளும் தொழிற் கட்சி தோற்கும் என்றே பலரும் கருதினர். ஆயினும் பிரதமர் பால் கீட்டிங், தேர்தல் விவாதத்தைப் புதிய வரியின் பக்கம் திருப்பினார். அடிப்படை உணவுப் பொருள்களுக்கு 1992 இறுதியில் விலக்கு அறிவிக்கப்பட்டும் மக்களின் ஐயம் தீரவில்லை. பிறந்தநாள் கேக்கின் விலை கூடுமா என்று தொலைக்காட்சியில் கேட்கப்பட்டபோது, ஹியூசனால் தெளிவாக விடை கூற இயலவில்லை. 1993 மார்ச் 13 அன்று தொழிற் கட்சியே வென்றது.

1998 இல் பிரதமர் ஜான் ஹோவர்டு, 10 சதவீத வரியை வருமான வரிச் சலுகையுடன் இணைத்துத் தேர்தலில் முன்வைத்தார். பெரும்பான்மை குறைந்தபோதிலும் ஆட்சி நிலைத்தது. மேலவையில் உடன்பாடு காணும் பொருட்டு அடிப்படை உணவுப் பொருள்களுக்கு விலக்களிக்கப்பட்டு, 2000 ஜூலை 1 முதல் வரி நடைமுறைக்கு வந்தது.

வரியின் சுமை உடனே தெரியும். சீர்திருத்தத்தின் பயனோ காலம் கடந்தே கிட்டும். ஆகவே, ஈடு செய்யும் வழியையும் எளிய கணக்கில் விளக்குவது கட்சிகளின் கடமையாகும். கணக்கை மறைப்பதே வெற்றிக்கு வழி என அவை முடிவு செய்தால், இழப்பு வாக்காளருக்கே.